வெறுங்கை முழம் போடும்

வெறுங்கை முழம் போடுமா என்று கேட்பார்கள். அந்தப் பழமொழி பேசுவது கையில் முதல் இல்லாதவனின் நிலையை. ஆனால் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் என் பதில்: போடும், நன்றாகவே போடும், கொஞ்சம் பழக்கிவிட்டால் போதும். அளவு தேவைப்படுகிற நேரத்தில் டேப் வீட்டு இழுப்பறையில் இருக்கும், நாம் வேறெங்கோ நின்றுகொண்டிருப்போம். நண்பர் வீடு மாற்றும்போது கொடுக்கிற அலமாரி நம் அறையின் மூலையில் அடங்குமா, கட்டில் படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்புமா, இருக்கிற தார்ப்பாய் அந்த மரக்குவியலை முழுக்க மூடுமா என்று அங்கேயே, அப்போதே தெரிய வேண்டியிருக்கும். போனில் அளக்கும் செயலி இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன், ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்திலும் வெறும் வெள்ளைச் சுவரிலும் அது தடுமாறுகிறது. கை தடுமாறுவதில்லை, அதைப் பற்றிச் சில விஷயங்கள் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையால் அளப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கை மிக நன்றாகச் செய்யும் வேலை ஒப்பிடுவது. சென்டிமீட்டர் சொல்வது அதற்கு இரண்டாம்பட்சம். அறை மூலையில் உள்ள இடைவெளி என் கையால் நாலு சாண், மூன்று விரல். அலமாரியின் அகலம் அதே கையால் நாலு சாண், ஒரு விரல். அவ்வளவுதான், அலமாரி உள்ளே போகும், இரண்டு விரல் இடமும் மிச்சம். என் சாண் எத்தனை சென்டிமீட்டர் என்ற கேள்வியே இங்கே எழவில்லை. இடைவெளியைச் சென்டிமீட்டராக மாற்றி, அலமாரியையும் மாற்றி, பிறகு கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் பிழை சேரும். ஒரே ஆளின் ஒரே கை இரண்டு இடத்திலும் பட்டால் அந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஆகவே முடிந்த இடத்திலெல்லாம் கையாலேயே அளந்து கையாலேயே ஒப்பிடுங்கள், எண்ணாக மாற்றுவது வேறு வழி இல்லாதபோது மட்டும்.

கையை ஒருமுறை அளந்து வையுங்கள்

வேறு வழி இல்லாத நேரமும் வரும் என்பதால் இதைச் செய்துவிடுவது நல்லது. ஒரு ஸ்கேலும் பத்து நிமிடமும் போதும். ஸ்கேல் இல்லையென்றால் ஏடிஎம் அட்டையை எடுங்கள்: எந்த நாட்டில் எந்த வங்கி கொடுத்தாலும் அதன் நீளம் 8.56 செ.மீ., அகலம் 5.4 செ.மீ. ஏ4 தாள் இருந்தால் அதன் பக்கங்கள் 29.7, 21 செ.மீ. அந்த 21 செ.மீ. பலருடைய சாணுக்கு மிக அருகில் வரும், அதனால் யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது ஏ4 தாளின் குறுகிய பக்கத்தின் மேல் கையை விரித்துப் பார்ப்பதைத்தான்.

விரலில் தொடங்கலாம். ஒரு விரலின் அகலத்துக்கு விரற்கடை என்று பெயர். ஒற்றை விரலை அளக்காதீர்கள், கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரலையும் ஒட்டி வைத்து, நடு மூட்டுகளுக்கு நேரே அகலத்தை அளந்து நாலால் வகுங்கள். பெரியவர்களுக்கு நான்கு விரலும் சேர்ந்து ஏறக்குறைய 7 முதல் 8.5 செ.மீ. வரும், ஆக ஒரு விரல் 2 செ.மீ.க்கு முன்னே பின்னே. நுனிப்பக்கம் வைத்தால் குறையும், அடிப்பக்கம் வைத்தால் கூடும். எந்த இடத்தில் அளந்து வைத்தீர்களோ அதே இடத்தைத்தான் பொருளின் மேலும் வைக்க வேண்டும்.

சாண் என்பது விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை, பெரியவர்களுக்குப் பொதுவாக 18 முதல் 24 செ.மீ. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் விரித்தால் அது ஒட்டைச் சாண், இதைவிடச் சிறியது. சின்னப் பொருள்களுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும், இரண்டு விரல் மட்டுமே வேலை செய்வதால் நுனி எங்கே பட்டது என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. முழம் என்பது மடக்கிய முழங்கையின் முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை, 42 முதல் 50 செ.மீ. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினால் நுனியிலிருந்து நுனி வரை ஒரு மார், சிலர் பாகம் என்பார்கள். பெரும்பாலானோருக்கு அது அவரவர் உயரத்துக்குச் சில சென்டிமீட்டர் வித்தியாசத்தில் வந்துவிடும், அதனால் உங்கள் உயரம் தெரிந்தால் உங்கள் மாரும் ஏறக்குறையத் தெரிந்த மாதிரிதான். கயிறு, ஒயர், துணி போன்ற நீளமான, வளைகிற பொருள்களுக்கு மார்தான் வேகம்.

அப்புறம் ஒரு வேலை, பலர் இதைச் செய்வதே இல்லை, எனக்கு மிக அதிகம் பயன்பட்டது இதுதான். உங்கள் கையில் முழு எண்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். 1 செ.மீ., 5, 10, 20. என் சுண்டுவிரல் நகத்தின் அகலம் 1 செ.மீ. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து இரண்டாவது மூட்டுக் கோடு வரை 5. அதே நுனியிலிருந்து உள்ளங்கையில் குறுக்கே ஓடும் முதல் ரேகை வரை 10. உங்கள் கையில் இவை வேறு இடத்தில் இருக்கும், ஸ்கேலைக் கையின் மேல் வைத்து நகர்த்தினால் ஏதாவது ஒரு கோடு, ஒரு மச்சம், ஒரு பழைய தழும்பு 10-க்கு நேரே வந்து நிற்கும். அது கிடைத்துவிட்டால் பெருக்கல் கணக்கு இல்லை, மனதில் 21.3-ஐ நாலால் பெருக்க வேண்டியதில்லை. திருகாணி நீளமா, புத்தகத்தின் அகலமா, ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

கிடைத்த எண்களைப் போனில் ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். வளரும் பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மீண்டும் அளக்க வேண்டும், கை அவ்வளவு வேகமாக மாறும்.

சாண் போடுவது

பிழை இரண்டு இடத்தில் நுழைகிறது. ஒன்று விரிப்பில், இன்னொன்று கை நகர்கிற இடத்தில்.

விரிப்பைப் பற்றி எனக்கு நன்றாகப் பாடம் சொன்னது ஒரு மேசை. சுவருக்கும் தூணுக்கும் இடையில் போட வேண்டிய மேசை அது. வீட்டில் இடைவெளியை அளந்தபோது கையைத் தளர்வாக விரித்து, அவசரமாகச் சாண் போட்டேன். மேசையைப் பார்க்கப் போன இடத்தில், வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையில் விரல்களை இழுத்து இழுத்து விரித்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை. என் தளர்ந்த சாணுக்கும் இழுத்து விரித்த சாணுக்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் உண்டு. ஐந்து சாணில் அது ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. மேசை தூணில் முட்டி நின்றது. அதைத் திரும்ப இறக்கி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர ஒரு நாள் முழுக்கப் போனது. ஒரே கை என்று மட்டும் சொன்னால் போதாது, ஒரே விரிப்பும் வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் விரிப்பை இப்படிப் பழகுங்கள். கையை இரண்டு முறை உதறிவிட்டு மேசை மேல் வைத்து விரல்களை மெதுவாக விரியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தோல் இழுபடுவது தெரியத் தொடங்கும் ஓர் இடம் இருக்கும், அதற்கு மேல் போனால் வலி. அந்த இடத்தில் நிறுத்துங்கள், அதுதான் உங்கள் சாண். கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை விரித்து, ஒவ்வொரு முறையும் கண் திறந்து ஏ4 தாளின் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாலைந்து நாள் பழகினால் கை தானாகவே ஒரே இடத்தில் போய் நிற்கும்.

நகர்வில் வருகிற பிழை இன்னும் நுட்பமானது. சுண்டுவிரல் நின்ற இடத்துக்குக் கட்டைவிரல் வந்து உட்கார வேண்டும். ஆனால் கட்டைவிரலுக்கு அகலம் உண்டு, அதன் எந்தப் பகுதி அந்த இடத்தில் உட்காருகிறது? ஒவ்வொரு நகர்விலும் அரை செ.மீ. விட்டாலும், பிடித்தாலும் எட்டு நகர்வில் நாலு செ.மீ. போய்விடும், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாகவே சாயும். இதற்கு எளிய வழி, மறு கையைக் காவலுக்கு வைப்பது. வலது கையால் சாண் போட்டதும் இடது கை ஆள்காட்டி விரலின் நகத்தைச் சுண்டுவிரல் நுனியோடு ஒட்டி நிறுத்துங்கள். வலது கையை எடுத்து, கட்டைவிரல் நுனியை அந்த நகத்தின் மேல் முட்ட வையுங்கள். பார்ப்பதற்கு மெதுவான வேலை மாதிரித் தெரியும், இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். விளிம்பு ஏதாவது இருந்தால் அதை ஒட்டியே போங்கள், நடுவில் போனால் கை வளைந்து வளைந்து நகர்ந்து எண்ணிக்கை கூடிவிடும். கடைசியில் மிஞ்சுகிற துண்டை அரைச் சாண், கால் சாண் என்று கண்ணால் மதிப்பிடாமல் விரலை வைத்து எண்ணுங்கள். அப்புறம் எதிர் முனையிலிருந்து ஒருமுறை திரும்பப் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரு விரலுக்குள் ஒத்துப்போனால் நம்பலாம். எனக்கு இப்படி அளந்தால் ஒரு மீட்டரில் 2 செ.மீ.க்குள் வருகிறது. உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று தெரிந்துகொள்வது அளவைத் தெரிந்துகொள்வதைப் போலவே முக்கியம், ஏனென்றால் இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால் பேசாமல் டேப்பைத் தேடிப் போக வேண்டியதுதான்.

எண் சாண் கணக்கு

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்கிறோமே, அந்த எட்டு சும்மா வந்த எண் இல்லை. 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஓர் ஆள் உயரம். பெருக்கிப் பாருங்கள், எட்டுச் சாண். யாருடைய கையாக இருந்தாலும் அவரவர் கையால் அவரவர் உயரம் ஏறக்குறைய எட்டுச் சாண் வரும் என்பதுதான் இதில் அழகு. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டிடக் கலைஞர் விட்ருவியஸும் முழங்கை முதல் விரல் நுனி வரை உயரத்தில் நாலில் ஒரு பங்கு என்றுதான் எழுதினார், முழத்துக்கு 24 விரல் என்றும் கணக்கு வைத்தார். லியோனார்டோ டாவின்சி 1490 வாக்கில் வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் கைவிரித்து நிற்கும் மனிதனை வரைந்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று தேட வேண்டியதில்லை, எல்லோரும் அளந்தது ஒரே உடம்பை.

இதை ஒரு சோதனையாகப் பயன்படுத்துங்கள். உங்கள் சாணில் எத்தனை விரல், முழத்தில் எத்தனை சாண் என்று பாருங்கள். சரியாக 12-ம் 2-ம் வராது, எனக்குச் சாணுக்குப் பதினொன்றே கால் விரல்தான் வருகிறது. உங்களுடையதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம்.

ஆனால் இந்த அழகு முழுவதும் ஒரே ஆள் அளக்கும் வரைதான். பத்துப் பேர் சேர்ந்து ஒரு சுவர் எழுப்பினால் பத்து முழம் இருக்கும். பழைய எகிப்தியர்கள் இதைச் சமாளித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அரச முழம் என்று ஒன்றை வைத்தார்கள், 7 உள்ளங்கை, 28 விரல், ஏறக்குறைய 52 செ.மீ. அதை மரக்கோலாகவும் கற்கோலாகவும் செய்து, அதில் விரல் விரலாகக் கோடும் போட்டார்கள். பெயர் கையினுடையது, வேலை செய்தது கோல். குதிரையின் உயரத்தைச் சொல்ல இன்றும் சில நாடுகளில் பயன்படும் 'கை' அளவும் அப்படித்தான், அது சரியாக 4 அங்குலம், 10.16 செ.மீ. என்று நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் 15.2 கை என்று எழுதியிருந்தால் 15 கை 2 அங்குலம் என்று பொருள், புள்ளிக்குப் பிறகு 3-ஐத் தாண்டாது.

ஆகவே நீங்கள் அளந்து இன்னொருவர் வெட்டப் போகிறார் என்றால் சாணில் சொல்லி அனுப்பாதீர்கள். ஒரு நூலையோ காகித நாடாவையோ அந்த நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். மரத்தைச் சுற்றி, தூணைச் சுற்றி அளக்கவும் நூல்தான் நல்லது, சுற்றிவிட்டு நூலைத் தரையில் நீட்டிச் சாண் போடலாம். கண்ணாடி வெட்ட, மருந்து அளக்க, கதவு நிலைக்குள் கதவு பொருத்த எல்லாம் கை வேண்டாம்.

இடைவெளி, பரப்பு, கொள்ளளவு

கை மட்டுமே சரியாகச் செய்கிற சில வேலைகளும் உண்டு, அங்கே டேப் கொண்டுவந்தாலும் பயன் இல்லை. நாயின் கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் சுலபமாக நுழைய வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் உட்கார வேண்டும், தாடைக்குக் கீழே வார் ஒன்றிரண்டு விரல் இடம் விட்டு. ஷூவுக்குள் நீளமான கால்விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், நின்றுகொண்டு பார்க்க வேண்டும், உட்கார்ந்து பார்த்தால் ஏமாற்றும். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். விதை ஊன்ற ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு வரை என்றால் ஏறக்குறைய 2.5 செ.மீ. ஆழம், மண்ணில் ஈரம் இருக்கிறதா என்றும் அதே விரல் அப்போதே சொல்லிவிடும்.

பரப்புக்கு உள்ளங்கை. விரல்களும் சேர்ந்த ஒரு கையின் உட்பக்கப் பரப்பு அந்த ஆளின் உடல் தோலில் சுமார் 1 சதவீதம், துல்லியமாகப் பார்த்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. தீக்காயம் எவ்வளவு பெரியது என்று மருத்துவர்களுக்குச் சொல்ல இந்தக் கணக்குதான் உதவுகிறது. இங்கேயும் அதே விதி: காயம் பட்டவரின் கையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், உங்கள் கையை அல்ல. குழந்தைக்குப் பட்ட காயத்தைப் பெரியவர் கையால் அளந்தால் மிகக் குறைவாகத் தெரியும்.

தோலில் தடவும் களிம்புக்கும் ஒரு விரல் அளவு உண்டு, 1991-இல் மருத்துவ இதழில் வெளிவந்து பரவலானது. ஆள்காட்டி விரலின் முதல் மூட்டுக் கோட்டிலிருந்து நுனி வரை ட்யூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது விரல்களும் சேர்ந்த பெரியவர் உள்ளங்கை இரண்டின் பரப்புக்குப் போதும். இது பெரியவரின் விரலை வைத்துச் சொன்ன அளவு, குழந்தைக்குத் தடவினாலும் பிதுக்குவது பெரியவர் விரலில்தான். எத்தனை விரல் அளவு என்பதை மருத்துவர் சொல்வார்.

கொள்ளளவில் கை பலவீனம்தான். சிட்டிகை, பிடி, குத்து, இரண்டு கையையும் சேர்த்து அள்ளினால் அது வேறு. பொருளுக்குப் பொருள் மாறும், ஈரக் கைக்கும் உலர்ந்த கைக்கும் மாறும். இருந்தாலும் ஒன்று செய்யலாம்: குழித்த உள்ளங்கையில் தண்ணீர் நிரப்பி, அளவுக் குவளையில் பத்து முறை ஊற்றிப் பத்தால் வகுத்து வையுங்கள்.

கையை நீட்டினால் கோணம்

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொட முடியாத பொருளையும் கை அளக்கும், கோணமாக. கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் சுண்டுவிரல் நுனியின் அகலம் சுமார் 1 டிகிரி. நடுவில் உள்ள மூன்று விரல்கள் சேர்ந்து 5 டிகிரி. விரல்களை மடக்கிய கைமுட்டி 10 டிகிரி. விரித்த சாண் 20-ஐ ஒட்டி. பெரியவருக்கும் சிறுவருக்கும் இது ஏறக்குறைய ஒன்றேதான், காரணம் கை சிறியதாக இருந்தால் கரமும் குட்டை, விரல் கண்ணுக்கு அருகில் வந்துவிடுகிறது, விகிதம் மாறுவதில்லை. சாணும் முழமும் ஆளுக்கு ஆள் மாறும்போது இது மட்டும் பெரிதாக மாறாமல் இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

உங்களுடையதைக் கணக்கிட வேண்டுமானால், விரலின் அகலத்தைக் கண்ணிலிருந்து விரல் வரை உள்ள தூரத்தால் வகுத்து 57-ஆல் பெருக்குங்கள். இல்லையென்றால் வெட்டவெளியில் நின்று தொடுவானத்தில் ஒரு முட்டியை வைத்து, அதன் மேல் மறு முட்டி, அதன் மேல் இன்னொன்று என்று தலைக்கு நேர் மேலே வரை அடுக்குங்கள். மொத்தம் 90 டிகிரி. ஒன்பது முட்டி வந்தால் உங்கள் முட்டி 10 டிகிரி, பத்து வந்தால் 9.

பொழுது சாய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்ப்பதில் இது எல்லோருக்கும் தெரிந்த உத்தி: கையை நீட்டிச் சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவே விரல்களைக் கிடையாக அடுக்கி, ஒரு விரலுக்கு 15 நிமிடம் என்று எண்ணுவார்கள். நான் இதை நம்பி ஒருமுறை மலைப்பாதையில் இருட்டில் மாட்டிக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, ஆகவே 15 நிமிடத்தில் 3.75 டிகிரி. ஆனால் நீட்டிய கையில் ஒரு விரல் 1.7 டிகிரிதான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்கும், அங்கே ஒரு விரலுக்கு 7 நிமிடம்தான். வடக்கிலோ தெற்கிலோ 45 டிகிரி அட்சரேகையில் சூரியன் சாய்வாக இறங்குவதால் சுமார் 10 நிமிடம், 60 டிகிரிக்குப் போனால்தான் 15-ஐ நெருங்கும். ஆக அந்த விதி குளிர் நாடுகளுக்குத்தான் ஓரளவு பொருந்தும். உங்கள் ஊரில் ஒரு மாலை, நாலு விரல் இடைவெளி இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து வைத்து, சூரியன் மறையும்போது மறுபடி பார்த்து, நாலால் வகுத்துக்கொள்ளுங்கள். சூரியனை நேராகப் பார்க்காமல் கையால் மறைத்தபடியே செய்யுங்கள்.

தூரத்துக்குக் கட்டைவிரல். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி, தூரத்துப் பொருளின் ஒரு விளிம்போடு விரலைப் பொருத்துங்கள். கையை அசைக்காமல் கண்ணை மாற்றினால் விரல் பக்கவாட்டில் தாவும். அது தாவிய அகலம் அந்த இடத்தில் எத்தனை மீட்டர் என்று மதிப்பிட்டுப் பத்தால் பெருக்கினால் அதுதான் தூரம், ஏனென்றால் நீட்டிய கரத்தின் நீளம் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் போலப் பத்து மடங்கு. ஒரு கார் 4 மீட்டர் என்று வைத்தால், விரல் இரண்டரை கார் நீளத்துக்குத் தாவினால் 10 மீட்டர், ஆக நீங்கள் நிற்பது 100 மீட்டரில். இதையே சரிபார்க்க இன்னொன்று: கிடையாகப் பிடித்த சுண்டுவிரல் ஓர் ஆளைத் தலை முதல் கால் வரை மறைத்துவிட்டால் அவரும் ஏறக்குறைய 100 மீட்டரில்தான் நிற்கிறார்.

மரத்தின் உயரத்துக்கு எண்ணே வேண்டாம். ஒருவரை மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு நன்றாகத் தள்ளிப் போங்கள். அவர் உயரம் நீட்டிய கையில் ஒரு விரல் அளவு தெரியும் இடத்தில் நின்று, மரம் எத்தனை விரல் என்று எண்ணுங்கள். ஏழு விரல் என்றால் மரம் அவரைப் போல ஏழு மடங்கு. மிக அருகில் நின்றால் உச்சி சரிந்து குறைவாகத் தெரியும்.

இரவில் இதற்கு இன்னும் வேலை அதிகம். வட அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதுதான் நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை. அரபு மாலுமிகள் இதை விரல் கணக்கிலேயே வைத்திருந்தார்கள், அவர்களுடைய 'இஸ்பா' என்பதற்கு விரல் என்றுதான் பொருள், அளவு 1.6 டிகிரி, நீட்டிய கையின் ஒரு விரலே அது. பிறகு கண்ணிலிருந்து உள்ள தூரம் மாறாமல் இருக்க ஒரு சிறு பலகையில் முடிச்சுப் போட்ட கயிறு கட்டி, கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தார்கள், அதற்குக் கமால் என்று பெயர். துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கவும் கைதான்: கரண்டி வடிவில் தெரியும் சப்தரிஷி மண்டலத்தின் கிண்ணத்தில் வெளிப்பக்கம் உள்ள இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி, அதே கோட்டில் மேலே மூன்று முட்டி போனால் துருவ நட்சத்திரம். ஓரியன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தில் திருவாதிரை நட்சத்திரத்திலிருந்து எதிர் மூலையில் உள்ள நீல வெள்ளை ரைஜல் வரை இரண்டு முட்டிக்குக் கொஞ்சம் குறைவு, நடுவே இடுப்புப் பட்டையின் மூன்று நட்சத்திரங்கள் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும்.

முதலில் எதில் தொடங்குவது என்றால் முழு நிலவில் தொடங்குங்கள். கிழக்கே எழும்போது அது பெரிய தட்டு மாதிரி இருக்கும், ஓர் உள்ளங்கை கூடப் போதாது என்று தோன்றும். கையை நீட்டிச் சுண்டுவிரலை வையுங்கள், நிலவு முழுவதும் மறைந்து, விரலில் பாதி மிஞ்சும், அதன் அகலம் அரை டிகிரிதான். நள்ளிரவில் அது உச்சிக்கு ஏறிச் சின்னதாகத் தெரியும்போது வெளியே வந்து அதே விரலை மறுபடி வைத்துப் பாருங்கள், அப்போதும் விரலில் அதே பாதிதான் மிஞ்சியிருக்கும்.